தோள்வலி

அந்தப் பெஞ்சில் காத்திருக்கும் பெண்களிடம் "உங்களுக்கு என்ன?" என்று கேட்டால் நோயின் பெயர் வராது. செய்ய முடியாமல்போன வேலையின் பெயர்தான் வரும். "கொடியில துணி போட முடியல." "கிரைண்டர்ல மாவு வழிக்க முடியல." "குந்தி உட்கார்ந்து மீன் அரிய முடியல." "புள்ளைய இடுப்புல தூக்க முடியல." அதே பெஞ்சின் மறுமுனையில் இருக்கும் ஆண்கள் "முட்டி வலி", "கழுத்து வலி" என்று உடம்பிலிருந்து தொடங்குவார்கள். இது எந்த ஆய்வின் முடிவும் அல்ல. புதுச்சேரியில் ஓர் இயன்முறை மருத்துவப் பிரிவின் வாசலில் வாரத்துக்கு மூன்று நாள் வீதம் எட்டு மாதம் உட்கார்ந்திருந்தவளின் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

நானும் அப்படித்தான் சொன்னேன். "போர்டுல மேல் வரி எழுத முடியல." கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவளுக்கு அது கௌரவமான குறை. உண்மையில் எனக்கு முதலில் நின்றுபோனது வேறு. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் உள்ளாடையின் கொக்கியை மாட்ட முடியவில்லை. தலை வாரிப் பின்னல் போட முடியவில்லை. பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்க முடியவில்லை. இரவில் வலப்பக்கம் திரும்பிப் படுத்தால் யாரோ தோளுக்குள் கத்தியை வைத்துத் திருப்புவதுபோல் இருக்கும்.

இதை மருத்துவர்கள் ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறார்கள். 1934இல் எர்னஸ்ட் காட்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வைத்த பெயர். நம் ஊரில் "தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு" என்போம். தோள்மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. அது வீங்கி, தடித்து, சுருங்கி, எலும்பை இறுகக் கட்டிப்போட்டுவிடுகிறது. முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு மெல்ல மெல்ல இளக்கம் என்று மூன்று கட்டம். எல்லாம் முடிய ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். 40 வயதிலிருந்து 60 வயதுக்குள் வருவது அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் அதிகம். ஜப்பானியர்கள் இதை ஐம்பது வயதுத் தோள் என்றே அழைக்கிறார்கள்.

தமிழ் படித்தவளுக்குத் தோள் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வேறு. அகப்பாடல்களில் தலைவியின் தோளுக்கு மூங்கிலை உவமை சொல்வார்கள். தலைவன் பிரிந்தால் அவள் தோள் மெலியும், வளை கழலும். திருக்குறளின் 124ஆவது அதிகாரத்துக்கே 'உறுப்புநலன் அழிதல்' என்று பெயர். அங்கேயும் தோள் வாடுகிறது. இத்தனை நூற்றாண்டு இலக்கியத்தில் பெண்ணின் தோள் அழகாக இருக்கிறது, அல்லது காதலால் மெலிகிறது. சுமை தூக்கித் தேய்ந்த தோளும், மாதவிடாய் நிற்கும் வயதில் இறுகிப்போன தோளும் அந்த அதிகாரத்தில் இல்லை. ஆணின் தோளுக்குச் சொல்லும் சொல்லோ 'தோள்வலி'. அங்கே வலி என்றால் வலிமை. 'வலியறிதல்' என்ற அதிகாரமும் வலிமையை அறிவதைப் பற்றியதுதான். ஒரே சொல் அரசனிடம் போனால் பலம், நம்மிடம் வந்தால் நோவு. வகுப்பில் பல ஆண்டுகளாக இந்த இரண்டு பொருளையும் சொல்லித் தந்திருக்கிறேன். இரண்டும் ஒரே மூட்டில் இருப்பதை என் தோள்தான் எனக்குக் காட்டியது.

முதலில் பார்த்த மருத்துவர், அவர் பெயரோ இடமோ இங்கே வேண்டாம், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "இந்த வயசுல லேடீசுக்கு இதெல்லாம் வரும் மேடம். வீட்டு வேலை செஞ்சுகிட்டே இருங்க, தானா சரியாயிடும்." மாத்திரை எழுதித் தந்தார். அந்த வாக்கியத்தை இந்த ஊரில் எத்தனை பெண்கள் கேட்டிருப்பார்கள்! வீட்டு வேலையே உடற்பயிற்சிதான் என்பது நம் சமூகத்தின் மிகப் பழைய வைத்தியம். வீட்டு வேலை உடம்பை அசைக்கிறது, உண்மைதான். ஆனால் அது எப்போதும் ஒரே பக்கம்தான் அசைக்கிறது. குனிந்து பெருக்குகிற முதுகு எதிர்ப்பக்கம் வளைவதே இல்லை. குடம் ஏறும் இடுப்பு ஒன்றுதான். அடுப்புக்கு முன்னால் நிற்கும் தோள் மார்புயரத்துக்கு மேல் எழுவதே இல்லை. பயிற்சி என்றால் அதற்கு ஓர் அளவு வேண்டும், ஓய்வு வேண்டும், செய்பவளின் உடம்புதான் அதன் நோக்கமாக இருக்க வேண்டும். வீட்டு வேலையில் இந்த மூன்றும் இல்லை.

பிறகுதான் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தேன். என்னைப் பார்த்துக்கொண்ட பிசியோதெரபிஸ்ட்டுக்கு என் மாணவிகளைவிட நான்கைந்து வயது கூடுதலாக இருக்கலாம். முதல் நாள் கோணம் அளக்கும் கருவியை என் தோளில் வைத்தார். கையை முன்னால் தூக்கச் சொன்னார். 180 பாகை போக வேண்டிய கை 75இல் நின்றது. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். 10 பாகைகூட இல்லை. "இதுதான் மேடம் மொதல்ல போகும், கடைசியா வரும்" என்றார். என் உடம்பைப் பற்றி இத்தனை துல்லியமாக, பழி இல்லாமல், பரிதாபம் இல்லாமல் ஒருவர் பேசி நான் கேட்டது அன்றுதான். எண் ஒன்று கையில் கிடைத்தது. அந்த எண்ணை நகர்த்தலாம் என்று தெரிந்தது.

அந்த அறைக்குள் நடப்பதில் மந்திரம் எதுவும் இல்லை. காத்திருப்பவர்கள் அதை "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். சூட்டு ஒத்தடமும் மின் அதிர்வும் வலியைக் கொஞ்சம் தணித்துத் தரும். அந்த இடைவெளியில் அசைவைத் தொடங்க வேண்டும். உண்மையான வைத்தியம் அந்த அசைவுதான். குனிந்து நின்று கையைக் கிணற்று வாளிபோலத் தொங்கவிட்டு மெல்ல ஆட்ட வேண்டும். இந்த ஊசல் பயிற்சிக்கும் காட்மனின் பெயர்தான். சுவரில் விரல்களால் நண்டுபோல ஏற வேண்டும். கப்பியில் போட்ட கயிற்றின் ஒரு முனையை நல்ல கை இழுக்க, மறுமுனையில் நோகிற கை மேலே போக வேண்டும். ஒவ்வொரு நாளும் வலி தொடங்கும் இடம்வரை போய், அங்கே கொஞ்சம் நின்று, திரும்பி வர வேண்டும். அதற்கு மேல் முரட்டுத்தனமாகத் தள்ளினால் மூட்டு கோபித்துக்கொள்ளும். போகாமலே இருந்தால் இன்னும் இறுகும்.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் வைத்திக்குப்பத்து அக்கா ஒருவர். மீன் விற்பவர். பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. பக்கவாதத்தில் கையில் கோளாறு எதுவும் இல்லை. கைக்கு உத்தரவு தரும் மூளைப்பகுதி ரத்தம் இல்லாமல் செத்துவிடுகிறது. ஆனால் மூளையின் மற்றப் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொள்ள அவற்றுக்கு ஒரே பாடம்தான் தெரியும்: திரும்பத் திரும்பச் செய்வது. ஒரு நாளைக்குப் பத்து முறை போதாது, நூற்றுக்கணக்கான முறை செய்ய வேண்டும். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்குப் பிறகும் நின்றுவிடுவதில்லை. சிலருக்கு நல்ல கையைக் கட்டிப்போட்டு, விழுந்த கையையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தவைக்கும் முறைகூட உண்டு.

இன்னொரு பக்கம் முத்தியால்பேட்டை ஆயா. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, கம்பி வைத்து வந்தவர். மாதவிடாய் நின்றபின் பெண்ணின் எலும்பு வேகமாக அடர்த்தி குறைவதால் இந்த முறிவு கிழவர்களைவிடக் கிழவிகளுக்கு அதிகம். "வயசானவங்க, படுத்தே கிடக்கட்டும்" என்று விட்டால் கட்டில்தான் அவர்களை முடிக்கும். படுத்த நாளிலிருந்தே தசை கரையத் தொடங்குகிறது. நுரையீரலில் சளி கட்டும், முதுகில் புண் வரும், காலில் ரத்தம் உறையும். அதனால்தான் அறுவைக்கு மறுநாளே எழுப்பி நிற்கவைக்கப் பார்க்கிறார்கள். வீட்டார் அதைக் கொடுமை என்று நினைத்துச் சண்டைக்கு வருவதையும் பார்த்திருக்கிறேன்.

திண்டிவனம் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வரும் ஓர் இளம் அம்மாவும் உண்டு. இடுப்பில் நான்கு வயதுச் சிறுமி. பிறக்கும்போது மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு. செரிப்ரல் பால்சி என்று அந்த அம்மா மிகத் தெளிவாக உச்சரிப்பார். அந்த மூளைக்காயம் நாளாக நாளாக வளர்வதில்லை. ஆனால் எலும்பு வளரும்போது இறுகிய தசை கூடவே வளராது. அதனால் மூட்டுகள் கோணும். தினமும் நீவி நீட்டிவிடாவிட்டால் இன்று உட்காரும் குழந்தை ஐந்தாறு ஆண்டுகளில் உட்கார முடியாமல் போகலாம். இங்கே யாரும் "குணமாகிவிடும்" என்று சொல்வதில்லை. "தானா சாப்பிடணும், தானா உட்காரணும், ஸ்கூலுக்குப் போகணும்" என்றுதான் பேசுகிறார்கள்.

நான்கு வயது, நாற்பத்தைந்து வயது, ஐம்பது வயது, எழுபத்திரண்டு வயது. எங்கள் நால்வருக்கும் போகும்போது கையில் ஒரே மாதிரி தாள் தருவார்கள். "வீட்ல தினமும் ரெண்டு வேளை, 20 நிமிஷம்." தாளில் கோட்டுப் படங்கள். படத்தில் இருப்பவன் அரைக்கால் சட்டை போட்ட ஆண். அவனைச் சுற்றி ஒன்றுமே இல்லை. ஒரு சொம்புகூட இல்லை. கூப்பிட யாரும் இல்லை. அடுப்பில் பால் இல்லை.

இந்தத் தாளைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். பிசியோதெரபியில் பாதி வேலை அந்த அறையில் நடக்கிறது. மீதிப் பாதியும் அதற்கு மேலும் வீட்டில் நடக்க வேண்டும். வீடு என்றால் என்ன என்று இந்தத் தாளை வரைந்தவர் யோசித்ததாகத் தெரியவில்லை. மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சியைச் செய்யக் கதவு மூடும் அறை வேண்டும். வைத்திக்குப்பத்து அக்காவின் வீட்டில் உள்ளது ஒரே அறை. அதில் மருமகன் இருக்கும் நேரத்தில் அவர் படுப்பதே இல்லை. புடவையோடு ஊசல் பயிற்சி செய்தால் முந்தானை சரியும். 20 நிமிடம் என்பது நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அதுவும் யாரும் கேட்காத துண்டுகளாக. "என்னம்மா, ஜிம்மா?" என்று சிரிக்கும் மகன்கள் கெட்டவர்கள் அல்ல. அம்மா தனக்காகத் தரையில் படுத்திருப்பதை அவர்கள் பார்த்ததே இல்லை.

1936 ஜூலை 30ஆம் நாள் இந்த ஊரில் சவானா ஆலைத் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தைத் தொடர்ந்து பிரெஞ்சிந்தியாவில் 8 மணி நேர வேலை சட்டமானது. ஆண்டுதோறும் அந்த நாளில் தியாகிகளுக்கு மாலை போடுகிறோம். உழைக்கும் உடம்புக்கு ஓய்வு நேரம் உரிமை என்று ரத்தம் சிந்திச் சொன்ன ஊர் இது. அந்த ஆலைத் தொழிலாளி வீடு திரும்பியதும் தண்ணீர் மொண்டு கொடுத்தவளுக்கு எத்தனை மணி நேர வேலை? அந்தக் கேள்விக்கு இன்னும் மாலை மரியாதை எதுவும் இல்லை. 20 நிமிடம் கேட்டால் அது சுயநலமாகத் தெரிகிறது என்றால், இன்னும் எட்டு மணி நேரச் சட்டம் நம் அடுக்களைக்கு வந்துசேரவில்லை என்று பொருள்.

'இயக்கம்' என்ற நம் சொல்லுக்கு அசைவு என்றும் பொருள், ஒன்றுகூடிப் போராடுவது என்றும் பொருள். 'முடங்கு' என்ற சொல்லும் அப்படித்தான். கால் முடங்கும், பெண்ணும் வீட்டில் முடங்குவாள். நாம் திட்டும்போது "கை கால் விளங்காமப் போவ" என்கிறோம். உடம்பு இயலாமல்போவதைச் சாபமாக நினைக்கும் மொழியில் ஊனமுற்ற பெண்ணுக்கு இரட்டைத் தண்டனை. அந்தச் சாபத்தை மறுத்த ஒருத்தியின் கதையை மாணவிகளுக்கு அடிக்கடி சொல்வேன்.

மேரி வர்கீஸ் கேரளத்தில் 1925இல் பிறந்தவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தார். 1954இல் நண்பர்களோடு போன வண்டி கவிழ்ந்து முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே அசைவு போனது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். தொழுநோயில் நரம்பு செத்து விரல்கள் மடங்கிப்போகும். நல்ல தசையிலிருந்து ஒரு நாணை எடுத்து விரலுக்கு மாற்றிக் கட்டும் முறையை வேலூரில் பால் பிராண்டும் குழுவினரும் வளர்த்திருந்தார்கள். அறுவை முடிந்தால் பாதிதான் முடிந்தது. வேறு வேலை செய்துவந்த தசைக்கு இப்போது விரலை அசைக்கும் புதுப்பாடத்தைச் சொல்லித் தர வேண்டும். அது இயன்முறை மருத்துவரின் பொறுமையில் நடப்பது. மேரி வர்கீஸ் ஆஸ்திரேலியாவிலும், பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்திலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966இல் அங்கே உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986இல் மறைந்தார். அவர் மறுபடி நடக்கவே இல்லை. மாணவிகள் இந்த இடத்தில் எப்போதும் கொஞ்சம் ஏமாற்றமடைவார்கள். கதை என்றால் கடைசியில் எழுந்து நடக்க வேண்டும் என்று சினிமா நமக்குப் பழக்கியிருக்கிறது. மீட்சி என்பது பழைய உடம்பு திரும்புவது அல்ல. இருக்கிற உடம்பால் போக விரும்பும் இடத்துக்குப் போவது.

இந்தத் துறையையே பெண்கள்தாம் தொடங்கினார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது. 1894இல் லண்டனில் நான்கு செவிலியர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அப்போது உடம்பு நீவிவிடும் வேலைக்குக் கெட்ட பெயர் இருந்தது. நீவிவிடும் பெண் என்றால் பாலியல் தொழில் செய்பவள் என்று பத்திரிகைகளே எழுதிய காலம். அந்தப் பெயரைத் துடைக்க அவர்கள் தங்களுக்குத் தாங்களே கடுமையான விதிகள் போட்டுக்கொண்டார்கள். மருத்துவர் சொல்லாமல் யாரையும் தொடக் கூடாது. ஆண்களுக்குப் பொதுவாக நீவிவிடக் கூடாது. அமெரிக்காவில் முதல் உலகப் போரில் காயம்பட்டு வந்த சிப்பாய்களை எழுந்து நிற்கவைத்ததும் பெண்கள்தாம். அவர்களில் ஒருவரான மேரி மெக்மில்லன் தலைமையில் 1921இல் அங்கே சங்கம் உருவானபோது அதன் பெயரிலேயே 'பெண்கள்' என்ற சொல் இருந்தது.

நம் ஊரில் தொடுதலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பிரசவம் பார்த்து, தாய்க்கு வயிற்றில் துணி கட்டி, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் கைகால் நீவிவிட்ட மருத்துவச்சியின் கை எத்தனை தலைமுறைகளை நிமிர்த்தியது! அந்தக் கையின் அறிவை எடுத்துக்கொண்டோம். அவளுடைய சாதியைச் சொல்லி வாசலிலேயே நிறுத்தினோம். இன்று வெள்ளை அங்கி போட்ட பெண் என் தோளைத் தொடும்போது அது சிகிச்சை. அன்று அவள் தொட்டது தீட்டு. பிசியோதெரபி படிக்கப் போகும் பெண்களில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் வர வர, தொடுதலின் இந்தப் பழைய கணக்கும் கொஞ்சமாவது அழியும் என்று நம்புகிறேன்.

எங்கள் பிசியோதெரபிஸ்ட் நான்காவது வாரம் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்டார். "இந்தக் கை, இந்தக் கால் திரும்ப வந்தா மொதல்ல என்ன செய்யணும்னு ஆசை?" பயிற்சியை அதற்கேற்ப அமைப்பதற்கான கேள்வி அது. பெஞ்சில் இருந்த பெண்களில் பெரும்பாலோர் யோசிக்காமல் "சமையல்" என்றார்கள்.

ஆயா மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "பாகூர்ல என் தங்கச்சி இருக்கா. யார் தொணையும் இல்லாம நானே பஸ் ஏறிப் போவணும்." கூட வந்திருந்த மகன் உடனே, "எதுக்கும்மா பஸ்ஸு? நான் கார்ல கொண்டுபோய் விடறேன்" என்றார். பாசமான மகன்தான். ஆயா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ வுட்டா நீ சொல்ற நேரத்துக்குத்தான் நான் திரும்பணும்." மறுநாளிலிருந்து அந்த அறையில் பேருந்துப் படியின் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. ஆயா அதில் ஏறி இறங்கப் பழகினார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில். முனகிக்கொண்டே, பிசியோதெரபிஸ்டைத் திட்டிக்கொண்டே பழகினார்.

மீன் விற்கும் அக்கா "சில்லறை எண்ணணும்" என்றார். அதற்குள் இருந்த கதை பிறகுதான் தெரிந்தது. கை விழுந்த நாளிலிருந்து சுருக்குப்பை மருமகனிடம் போய்விட்டது. வியாபாரம் மகள் பார்க்கிறாள். கணக்கு அவர் பார்க்கிறார். முப்பது ஆண்டு தன் இடுப்பில் இருந்த பை அது. பிசியோதெரபிஸ்ட் மரக்குச்சிகளைத் துளையில் செருகும் பலகையை ஓரம் வைத்துவிட்டு, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களைத் தட்டில் கொட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு நாணயத்தைப் பிடித்து எடுக்க அக்காவுக்கு ஏழு வாரம் ஆனது. அந்த முதல் நாணயத்தை அவர் தட்டில் திரும்பப் போடவில்லை. புடவையில் முடிந்துகொண்டார்.

எனக்கு இந்த இரண்டு பதில்களும் ஒரு கேள்வியைத் தந்தன. மீட்டுத் தரப்படும் அசைவு யாருக்குச் சொந்தம்? ஒரு பெண்ணின் கை சரியாக வேண்டும் என்று வீடு கவலைப்படும்போது அந்தக் கவலையில் அன்பு இருக்கிறது. கூடவே, நின்றுபோன வேலையின் கணக்கும் இருக்கிறது. சோறு பொங்கும் அளவுக்குக் கை வந்துவிட்டால் "இனிமே எதுக்கு அங்க போய்க்கிட்டு?" என்று சிகிச்சையை நிறுத்திவிடும் வீடுகளைப் பார்த்தேன். கரண்டி பிடிக்கத் தோள் 90 பாகை தூக்கினால் போதும். தலைக்கு மேல் தூக்குவதற்கான மீதி 90 பாகை அவளுக்கு மட்டுமே தேவைப்படுவது. அதற்குச் செலவழிக்கத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை, பல நேரம் அவளுக்கே.

திண்டிவனத்து அம்மாவுக்கோ கதை தலைகீழ். அவள் நோயாளி அல்ல. ஆனால் மகளின் வீட்டுப் பயிற்சித்தாள் முழுக்க அவள் கையில்தான். நீட்ட வேண்டும், நீவ வேண்டும், நிற்கவைக்க வேண்டும், தூக்க வேண்டும். குழந்தையின் கால் நேராக நேராக அவள் முதுகு வளைந்துகொண்டே போனது. "புள்ளைக்கு அம்மாதான் தெரபிஸ்ட்" என்று எல்லோரும் பாராட்டாகச் சொன்னார்கள். சம்பளம் இல்லாத இன்னொரு பதவி.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கத்தை நிறுவிய எஸ். இராமகிருஷ்ணன், இளம் வயதில் கழுத்தெலும்பு அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே அசைவிழந்தவர். அந்தச் சங்கம் கிராமத்துப் பெண்களுக்கு மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்சி தந்து, அவர்களைக் குழந்தைகளின் வீடுகளுக்கே அனுப்புகிறது. அம்மா பேருந்து மாறி வர வேண்டியதில்லை. வேலை செய்கிற பெண்ணுக்கு அது சம்பள வேலை. நம் கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும் உண்டு. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் இருக்கும் ஊர் நம்முடையது. பெரிய மருத்துவமனைகளுக்கு இங்கே குறைவில்லை. பெரிய மருத்துவமனைக்குத் தனியாக வந்துபோகும் தெம்பில்லாத பெண்ணின் வாசல்வரை வரும் கைதான் எங்கும் போதாமல் இருக்கிறது.

இந்தப் பெஞ்சுக்கு வராமலே போகும் ஒரு பெருங்கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னிடம் முதுகலை படித்த பெண் ஒருத்தி, குழந்தை பிறந்து ஏழு மாதம் கழித்துப் பார்க்க வந்தாள். பழைய கதை ஏதோ பேசி இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். சட்டென்று எழுந்து கழிவறைக்குப் போனாள். திரும்பி வந்து மெல்லிய குரலில், "சிரிச்சா, தும்முனா யூரின் வந்துடுது மேம். அம்மா கேட்டா, புள்ள பெத்தவளுக்கு அப்படித்தான்னு சொல்றாங்க" என்றாள். பிரசவத்தில் இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசைகள் நைந்து தளர்ந்துபோகின்றன. அவற்றுக்கும் பயிற்சி உண்டு. சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசைகளை இறுக்கி, சில நொடி நிறுத்தி, தளர்த்த வேண்டும். ஒழுங்காகச் சொல்லித் தரும் ஒருவரிடம் கற்று, சில மாதம் விடாமல் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு நல்ல மாற்றம் தெரியும். கர்ப்பப்பை இறக்கத்தின் தொடக்க நிலையிலும் இது உதவும். உடை மாற்றாமல், பேருந்தில் உட்கார்ந்தபடியே, யாருக்கும் தெரியாமல் செய்யக்கூடிய பயிற்சி. அப்படியிருந்தும் நம் பெண்கள் இருபது, முப்பது ஆண்டுகள் துணி வைத்துக்கொண்டு, பயணத்தைக் குறைத்துக்கொண்டு, தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு, சிரிப்பைக்கூடக் குறைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். "புள்ள பெத்தவளுக்கு அப்படித்தான்", "இந்த வயசுல அப்படித்தான்", "கெழவிக்கு அப்படித்தான்". நம்மை முடக்கிவைத்திருப்பதில் நோயைவிட இந்த 'அப்படித்தான்'களுக்குப் பங்கு அதிகம். அவளைப் பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் அனுப்பினேன். போனாள்.

ஆகவே இதைப் படிக்கும் பெண்களுக்கு, குறிப்பாக மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அம்மாவோ பாட்டியோ எந்த அசைவை விட்டுவிட்டார்கள் என்று கவனியுங்கள். எப்போதிலிருந்து தரையில் உட்காரவில்லை? எப்போதிலிருந்து மேல் அலமாரியில் கை வைக்கவில்லை? எப்போதிலிருந்து தனியாக வெளியே போகவில்லை? கேளுங்கள். சிகிச்சைத்தாள் வீட்டுக்கு வந்தால் அதைச் சுவரில் ஒட்டுங்கள். அந்த 20 நிமிடத்துக்குப் பாலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது அண்ணனைப் பார்க்கச் சொல்லுங்கள். அவளுக்கு நீங்கள் செய்யக்கூடிய வைத்தியத்தில் பெரிது அதுதான்.

எட்டு மாதத்தின் முடிவில் என் கை 155 பாகையில் வந்து நின்றது. மீதியும் வரலாம், வராமலும் போகலாம். போர்டின் மேல் வரியை எழுதுகிறேன். கொக்கியை மாட்டுகிறேன். சிகிச்சை முடிந்துவிட்டது என்று சொன்ன நாளில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. காலை ஆறு மணிக்கு அடைத்திருக்கும் கதவு இனித் திறந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள். மறுநாளும் ஆறு மணிக்குப் பாயை விரித்துக் கதவைச் சாத்தினேன். சில நாள் தோளுக்குப் பயிற்சி செய்கிறேன். சில நாள் சும்மா மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்க்கிறேன். ஒருநாள் கவிதை ஒன்றுகூட வந்தது. கை சரியான பிறகும் அந்த 20 நிமிடத்தை நான் திருப்பித் தரவில்லை.